ஹோமா ப்ரோவா, பழைய கர்னலா புதியதா: ‘மேம்பட்ட’ பதிப்பில் உண்மையில் என்ன மாறுகிறது?

விண்டோஸ் 11-ஐ நிறுவுவதற்கு மைக்ரோசாஃப்ட் தளத்திலிருந்து இறக்கும் ஐஎஸ்ஓ கோப்பு ஒன்றுதான். ஹோம், ப்ரோ, எஜுகேஷன் எல்லாமே அதற்குள் அடக்கம். ஹோம் பதிப்போடு வாங்கிய லேப்டாப் என்றால் அதற்கான கீ (உரிமக் குறியீடு) மதர்போர்டின் ஃபர்ம்வேரிலேயே, அதாவது வன்பொருளோடு பதிந்து வரும் நிரலிலேயே, எழுதப்பட்டிருக்கும். நிறுவும் நிரல் அதைப் படித்துவிட்டு, எந்தப் பதிப்பு வேண்டும் என்று கேட்காமலேயே ஹோமைப் போட்டுவிடும். தனியாக ப்ரோ கீ வாங்கி வைத்திருப்பவர்கள் அந்தக் கேள்வியே வரவில்லையே என்று குழம்புவது இதனால்தான். பிறகு செட்டிங்ஸுக்குள் போய் ப்ரோ கீயைத் தட்டினால், ஒரு ரீஸ்டார்ட்டுக்குள் ஹோம் ப்ரோ ஆகிவிடும். புதிதாக எதையும் நிறுவ வேண்டியதில்லை. தேவையானவை பெரும்பாலும் வட்டில் முன்பே இருந்தவைதான். திறக்கப்படாமல் இருந்தன, அவ்வளவே.

இப்போது உபுண்டு என்ற லினக்ஸ் இயங்குதளத்தின் பக்கம் வருவோம். அங்கேயும் ஒரே எல்டிஎஸ் (நீண்டகால ஆதரவு) வெளியீட்டுக்கு இரண்டு கர்னல்கள் உண்டு. வன்பொருளை ஆளும், இயங்குதளத்தின் மையப்பகுதிதான் கர்னல். வெளியீட்டு நாளில் வந்த கர்னலை ஜி.ஏ. என்பார்கள், புதிய வன்பொருளுக்காகப் பின்னால் சேர்க்கப்படுவதை எச்.டபிள்யூ.இ. என்பார்கள். இங்கே பூட்டும் இல்லை, கீயும் இல்லை, காசும் இல்லை. இரண்டும் வேறு வேறு காலத்தில் எழுதப்பட்ட வேறு வேறு கோட்.

இரண்டையும் ‘ஸ்டாண்டர்டா, மேம்பட்டதா’ என்ற ஒரே கேள்விக்குள் அடைத்துத்தான் பெரும்பாலானோர் யோசிக்கிறார்கள். அங்கேதான் சிக்கல். விண்டோஸ் ப்ரோவில் கிடைப்பது ஒரு திறவுகோல். எச்.டபிள்யூ.இ. கர்னலில் கிடைப்பது புதுமை. ரியல்டைம் கர்னல் என்று ஒன்று இருக்கிறது; அதில் மாறுவது கணினியின் சுபாவம். நீட்டிக்கப்பட்ட ஆதரவு என்று விற்கப்படுவதில் கிடைப்பது காலம். நான்குக்கும் பெயரில் ‘கூடுதல்’ என்ற வாசனை இருக்கிறது. ஆனால் ஒன்றைத் தேர்ந்தெடுக்கக் கேட்க வேண்டிய கேள்வி இன்னொன்றுக்குப் பொருந்தாது.

பூட்டு விஷயத்தை முதலில் முடிப்போம். சிஸ்டம் மென்பொருளை இரண்டு தரமாகப் பிரித்து விற்பது புதிதல்ல. 1987-இல் ஐபிஎம்மும் மைக்ரோசாஃப்ட்டும் சேர்ந்து ஓஎஸ்/2-வைக் கொண்டுவந்தபோதே ஸ்டாண்டர்ட் எடிஷன், எக்ஸ்டெண்டட் எடிஷன் என்ற பிரிவு இருந்தது. எக்ஸ்டெண்டடை ஐபிஎம் மட்டும்தான் விற்றது. அதில் டேட்டாபேஸ் மேனேஜர், கம்யூனிகேஷன்ஸ் மேனேஜர் என்று நிஜமாகவே தனி மென்பொருள்கள் சேர்ந்து வந்தன. காசு கூடக் கொடுத்தால் பெட்டியில் பொருள் கூட இருந்தது. நேர்மையான வியாபாரம்.

பத்தாண்டுகள் போவதற்குள் கதை மாறிவிட்டது. 1996-இல் வந்த விண்டோஸ் என்டி 4.0, வொர்க்ஸ்டேஷன் என்றும் சர்வர் என்றும் இரண்டாக விற்கப்பட்டது. விலை வித்தியாசம் பல மடங்கு. இரண்டையும் பிரித்துப் பார்த்த மார்க் ருஸினோவிச் போன்ற நிரலாளர்கள், கர்னல் ஒன்றேதான் என்று காட்டினார்கள். தான் எந்தப் பதிப்பு என்பதை இயங்குதளம் ரெஜிஸ்ட்ரியில் (விண்டோஸ் தன் அமைப்புகளைச் சேமிக்கும் இடம்) இருந்த ‘ப்ராடக்ட்டைப்’ என்ற மதிப்பைப் பார்த்துத்தான் தெரிந்துகொண்டது. யாரும் அதை மாற்றிவிடாமல் காவல் காக்க கர்னலுக்குள்ளேயே ஏற்பாடு செய்திருந்தார்கள். அந்த மதிப்பை வைத்து உள்ளே பல அளவீடுகள் மாறுகின்றன, ஆகவே இரண்டும் வேறுதான் என்பது மைக்ரோசாஃப்ட்டின் பதில். அதிலும் ஓரளவு உண்மை இருந்தது. அதே ருஸினோவிச் 2006-இல் மைக்ரோசாஃப்ட்டிலேயே சேர்ந்தார். பின்னாளில் அதன் மேகக்கணினிச் சேவையான அஸூர் பிரிவின் தலைமைத் தொழில்நுட்ப அதிகாரியானார். இதற்கு நான் தனியாகக் கருத்து சொல்ல வேண்டியதில்லை.

இந்த வழியின் உச்சம் விண்டோஸ் 7 ஸ்டார்ட்டர். மேசைத்திரைப் படத்தைக்கூட மாற்ற முடியாது. நினைவக உச்சவரம்பு 2 ஜிபி. ஹோம் பேசிக் என்றால் 8 ஜிபி, ஹோம் பிரீமியம் என்றால் 16 ஜிபி. வால்பேப்பரை மாற்றவிடாமல் தடுப்பதற்கும் யாரோ ஒருவர் உட்கார்ந்து கோட் எழுதியிருக்க வேண்டும் என்பதை நினைத்துப் பாருங்கள்.

ஆகவே ஹோமா ப்ரோவா என்ற இடத்தில் ‘எது வேகம்’, ‘எது நிலையானது’ என்ற கேள்விகளுக்கே இடமில்லை. கர்னல் ஒன்று, டிரைவர் ஒன்று, மாதாமாதம் வரும் பாதுகாப்பு அப்டேட்டும் ஒன்று. ப்ரோ போட்டால் கேம் நன்றாக ஓடும் என்று சொல்பவர்களை நம்ப வேண்டாம். பூட்டியிருக்கும் அறைகளில் உங்களுக்கு வேலை இருக்கிறதா என்பது மட்டும்தான் கேள்வி.

எந்தெந்த அறைகள்? ரிமோட் டெஸ்க்டாப்பை எடுத்துக்கொள்ளுங்கள். ஹோம் இருக்கும் கணினியிலிருந்து வேறொரு கணினிக்குள் நுழையலாம். ஹோம் இருக்கும் கணினிக்குள் அப்படி நுழைய முடியாது. வெளியிலிருந்து உங்கள் மேசைக் கணினிக்குள் அடிக்கடி போக வேண்டியிருந்தால், ப்ரோவுக்குக் காசு கொடுக்க இது ஒன்றே போதுமான காரணம். எப்போதாவது ஒருமுறை என்றால் எனிடெஸ்க், ரஸ்ட்டெஸ்க் போன்றவையே தாராளம். அலுவலகக் கணினிகளை ஒரே இடத்திலிருந்து நிர்வகிக்கும் டொமைனில் சேர்ப்பது ப்ரோவில்தான் முடியும். ஆனால் அந்தத் தேவை இருப்பவர்களுக்கு அலுவலகமே பதிப்பைத் தீர்மானித்துக் கொடுத்துவிடும். கணினிக்குள் இன்னொரு கணினியை ஓட்டும் ஹைப்பர்-வி ப்ரோவுக்கு மட்டும்தான் என்றாலும், அதன் அடித்தளம் ஹோமிலும் இருப்பதால் லினக்ஸுக்கான டபிள்யூஎஸ்எல் 2 ஹோமிலேயே ஓடும். விர்ச்சுவல்பாக்ஸும் ஓடும். 2024-இல் விஎம்வேர் வொர்க்ஸ்டேஷன் ப்ரோவும் இலவசமாகிவிட்டது. நினைவகம்? ஹோமுக்கு 128 ஜிபி வரை, ப்ரோவுக்கு 2 டிபி வரை. வீட்டில் இந்த வரம்பில் முட்டிக்கொள்பவர்கள் மிகச் சிலர்.

விண்டோஸின் நடத்தையை விதிகளாக அமைக்கும் குரூப் பாலிசி எடிட்டருக்காகவே ப்ரோ வாங்குகிறவர்கள் உண்டு. ஹோமில் அந்தக் கருவி கிடையாது. ஆனால் அது செய்வதில் பெரும்பகுதி ரெஜிஸ்ட்ரியில் ஒரு மதிப்பை எழுதுவதுதான். அதைக் கையாலும் எழுதலாம். அப்புறம், எல்லா பாலிசியும் ப்ரோவிலும் எடுபடாது. விளம்பர ஆப்களைத் தானாக நிறுவுவதைத் தடுக்கும் பாலிசி, விண்டோஸ் 10-இன் 1607 வெளியீட்டிலிருந்து என்டர்பிரைஸ், எஜுகேஷன் பதிப்புகளுக்கு மட்டுமே. ப்ரோவிலும் எடிட்டரைத் திறந்து அதை ‘எனேபிள்’ செய்யலாம், சேமித்துக்கொள்ளும், மறுபடி திறந்தால் எனேபிள் என்றே காட்டும். விளம்பர ஆப்கள் வந்துகொண்டுதான் இருக்கும்.

அப்டேட் விஷயத்தில் வித்தியாசம் நிஜமானது. ஹோமில் அப்டேட்டை ஐந்து வாரம் வரை நிறுத்தி வைக்கலாம். அதற்குமேல் தள்ள விடாது. ப்ரோவில் மாதாந்திர அப்டேட்டை 30 நாள் வரையும், ஆண்டுதோறும் வரும் பெரிய அப்டேட்டை 365 நாள் வரையும் பாலிசி வழியாகத் தள்ளிப்போடலாம். மற்றவர்களிடம் கோளாறு வெளிப்பட்டு, அது சரிசெய்யப்பட்ட பிறகு நம் கணினிக்கு வந்தால் போதும் என்று நினைப்பவருக்கு இது காசுக்குத் தகுந்த வசதி.

கொஞ்சம் நின்று பேச வேண்டியது வட்டைக் குறியாக்கும் விஷயம். ஹோமில் பிட்லாக்கர் கிடையாது என்று எல்லா ஒப்பீட்டு அட்டவணையிலும் போட்டிருக்கும். அதைப் படித்துவிட்டு ‘அப்படியானால் என் வட்டு குறியாக்கப்படவில்லை’ என்று முடிவு செய்வது தவறு. ஹோமில் ‘டிவைஸ் என்கிரிப்ஷன்’ என்ற பெயரில் அதே தொழில்நுட்பம் இருக்கிறது. மைக்ரோசாஃப்ட் கணக்கில் உள்நுழைந்து கணினியை அமைத்தால் அது தானாகவே இயங்கி, மீட்புச் சாவியை அந்தக் கணக்கில் சேமித்துவிடும். 2024-இல் வந்த 24எச்2 வெளியீட்டில் இதற்கான வன்பொருள் நிபந்தனைகள் தளர்த்தப்பட்டன. ஆகவே முன்பைவிட அதிகமான கணினிகள் இதற்குள் வந்துவிட்டன. உரிமையாளருக்கு இது எதுவும் தெரிந்திருக்காது. ஒருநாள் பயாஸை அப்டேட் செய்வார். திரும்பி வரும்போது நீலத்திரையில் 48 இலக்க மீட்புச் சாவியைக் கேட்கும். ‘நான் எந்தச் சாவியும் போடவில்லையே’ என்று விழிப்பார். சாவி எங்கே இருக்கிறதென்றால், கணினியை முதன்முதலில் அமைத்தவரின் மைக்ரோசாஃப்ட் கணக்கில். அமைத்துக் கொடுத்தது கடைக்காரரோ மருமகனோ என்றால் அவருடைய கணக்கில்.

ப்ரோவில் தருவது அதே குறியாக்கத்தின் கட்டுப்பாடு: எந்த வட்டு, சாவியை எங்கே வைப்பது, பூட் ஆகும்போது பின் எண் கேட்க வேண்டுமா, பென்டிரைவையும் பூட்ட வேண்டுமா என்பதையெல்லாம் நீங்களே தீர்மானிக்கலாம். வெளியே எடுத்துப்போகும் லேப்டாப்பில் வாடிக்கையாளர் கோப்புகள் இருக்கின்றன என்றால், என் கணக்கில் ரிமோட் டெஸ்க்டாப்புக்கு அடுத்து ப்ரோவுக்கான வலுவான காரணம் இதுதான். மற்றவர்களுக்கு ஹோம் போதும். ஹோமிலேயே இருப்பவர்கள் இன்றே அந்த மீட்புச் சாவியை எடுத்துத் தாளில் எழுதி வைத்துக்கொள்ளலாம்.

ஏணியில் மேலே போகப் போக வசதி கூடும் என்பதும் உண்மையில்லை. என்டர்பிரைஸ் எல்டிஎஸ்சி என்ற பதிப்பை இணையத்தில் பலர் ‘சுத்தமான விண்டோஸ்’ என்று கொண்டாடுவார்கள். அதில் ஸ்டோர் இல்லை, விளம்பர ஆப் இல்லை, ஆண்டுதோறும் முகத்தை மாற்றிக்கொள்ளும் வழக்கமும் இல்லை. தொழிற்சாலைக் கருவிகளையும் மருத்துவ உபகரணங்களையும் ஓட்டும் கணினிகளுக்காகச் செய்யப்பட்டது அது. 2024 எல்டிஎஸ்சிக்கு ஆதரவு ஐந்து ஆண்டு. அதன் ஐஓடி வகைக்குப் பத்து ஆண்டு. தனி ஒருவர் கடையில் வாங்கக்கூடிய சரக்கு அல்ல, நிறுவன லைசென்ஸில் வருவது. இணையத்தில் அடிமாட்டு விலைக்குக் கிடைக்கும் கீ எங்கிருந்து வந்தது என்று விற்றவரும் சொல்ல மாட்டார். மேலான பதிப்பு என்பது இங்கே குறைவான பதிப்பு. கொஞ்சம் குறைத்துக் கொடுப்பதற்கும் ஒரு சந்தை இருக்கிறது.

லினக்ஸில் காசு நடுவே வராததால் கேள்வி வேறு மாதிரி இருக்கிறது. உபுண்டு 22.04-ஐ எடுத்துக்கொள்வோம். 2022 ஏப்ரலில் வந்தபோது அதன் கர்னல் 5.15. ஜி.ஏ. வழியில் இருப்பவர்களுக்கு ஆதரவு முடியும்வரை 5.15-தான்; பாதுகாப்புத் திருத்தங்கள் வரும், எண் மாறாது. எச்.டபிள்யூ.இ. வழியில் இருப்பவர்களுக்கு 5.19, 6.2, 6.5, 6.8 என்று ஏறக்குறைய ஆறு மாதத்துக்கு ஒருமுறை கர்னலே மாறிக்கொண்டு வந்து கடைசியில் நின்றது. டெஸ்க்டாப்பில் நிறுவினால் பொதுவாக எச்.டபிள்யூ.இ.தான் வரும், சர்வரில் ஜி.ஏ. ‘நான் எல்டிஎஸ் போட்டிருக்கிறேன், ஐந்து வருஷம் எதுவும் மாறாது’ என்று நம்பிக்கொண்டிருக்கும் பல டெஸ்க்டாப் பயனர்களின் கர்னல் இதற்குள் நாலு தடவை மாறியிருக்கும்.

புதிய கர்னலால் என்ன லாபம் என்பதற்கு இன்டெலின் ஆர்க் கிராஃபிக்ஸ் கார்டுகள் நல்ல உதாரணம். ஏ750, ஏ770 இரண்டும் 2022 அக்டோபரில் சந்தைக்கு வந்தன. கர்னலில் அவற்றுக்கான ஆதரவு, சோதனை நிலை என்ற முத்திரை நீங்கி முழுமையானது 2023 பிப்ரவரியில் வந்த 6.2-இல். அந்தக் கார்டைச் செருகி 5.15-இல் பூட் செய்தால் திரை வரும். அதனால் எல்லாம் சரியாக இருப்பது போலத் தெரியும். ஆனால் ரெசல்யூஷனை மாற்ற முடியாது. இரண்டாவது மானிட்டர் வராது. வீடியோ ஓட்டினால் சிபியூ விசிறி கத்தும், ஏனென்றால் கார்டு சும்மா உட்கார்ந்திருக்க எல்லா வேலையையும் சிபியூவே செய்கிறது. பயனர் கார்டைத் திட்டுவார், அல்லது உபுண்டுவைத் திட்டுவார். கார்டு பிறப்பதற்கு ஒரு வருஷம் முன்பே எழுதி முடித்த கர்னலுக்கு அந்தக் கார்டை எப்படித் தெரியும்? 2023 ஆகஸ்டில் 22.04.3 வெளியீட்டோடு 6.2 எச்.டபிள்யூ.இ.யாக வந்தது, அதோடு தேவையான மெசா கிராஃபிக்ஸ் நூலகங்களும் சேர்ந்து வந்தன.

ஆகவே இங்கே பார்க்க வேண்டியது இரண்டு தேதிகளை: உங்கள் வன்பொருள் சந்தைக்கு வந்த தேதி, கர்னல் வெளியான தேதி. வன்பொருள் கர்னலைவிட ஓரிரு வருஷம் மூத்தது என்றால் ஸ்டாண்டர்ட் கர்னலே எல்லாம் செய்யும். புதியதில் உங்களுக்குப் புதிதாக ஒன்றும் கிடைக்காது. வன்பொருள் இளையது என்றால் புதிய கர்னல் தேவை, வேறு பேச்சே இல்லை. சந்தேகம் என்றால் புதிய கர்னலுள்ள லைவ் யுஎஸ்பியில் ஒருமுறை பூட் செய்து வைஃபை, ஒலி, ஸ்லீப் மூன்றையும் சோதித்துப் பாருங்கள். ஸ்லீப்பை மறக்க வேண்டாம். மூடிய லேப்டாப் பைக்குள் சூடாகிக்கிடப்பது பிறகுதான் தெரியவரும்.

ரெட் ஹாட் போன்ற இடங்களில் தேதியைப் பார்க்கும் இந்தக் கணக்கு தடுமாறும். ரெட் ஹாட் என்டர்பிரைஸ் லினக்ஸ் 8-இன் கர்னல் எண் 4.18, அதாவது 2018-ஆம் ஆண்டு எண். ஆனால் உள்ளே பல வருஷங்களின் டிரைவர்களும் திருத்தங்களும் பின்னோக்கிச் சேர்க்கப்பட்டிருக்கும். எண் பழையது, சரக்கு கலவை. அங்கே கர்னல் எண்ணைப் பார்த்து ‘இது என் கார்டை ஆதரிக்காது’ என்று தீர்ப்பு சொல்லக்கூடாது. வெளியீட்டுக் குறிப்பைத்தான் படிக்க வேண்டும்.

புதிய கர்னலுக்குக் கொடுக்கும் விலை, கர்னலோடு சேராமல் வெளியே வளரும் மாட்யூல்களிடம் (துணை நிரல்களிடம்) தெரியும். என்விடியா டிரைவர், விர்ச்சுவல்பாக்ஸ், இசட்எஃப்எஸ் கோப்பு முறைமை எல்லாம் அந்த வகை. கர்னல் மாறும் ஒவ்வொரு முறையும் இவை அதற்கேற்ப மறுபடி கம்பைல் ஆக வேண்டும். உபுண்டுவின் மென்பொருள் களஞ்சியத்திலிருந்தே என்விடியா டிரைவரை நிறுவியிருந்தால் பெரும்பாலும் கவலையில்லை. தங்கள் கர்னலுக்கேற்ப முன்கூட்டியே தயார் செய்து கையொப்பமிட்டுக் கொடுக்கிறார்கள். என்விடியா தளத்திலிருந்து நேராக இறக்கி நிறுவியவர்களுக்குத்தான் பிரச்சினை. சாதாரண அப்டேட் ஒன்று ஓடும், கூடவே கர்னலும் மாறும். ரீஸ்டார்ட் செய்தால் லோகோ வரும், அப்புறம் கறுப்புத்திரை. மூலையில் கர்சர் மட்டும் மின்னும். பதறி எல்லாவற்றையும் அழித்து மறுபடி நிறுவுகிறவர்கள் இருக்கிறார்கள். வேண்டாம். பூட் ஆகும்போது, எதில் தொடங்குவது என்று கேட்கும் கிரப் பட்டியலை வரவழைத்து, ‘அட்வான்ஸ்டு ஆப்ஷன்ஸ்’ என்பதற்குள் போனால் முந்தைய கர்னல் அங்கேயே காத்திருக்கும். அதைத் தேர்ந்தெடுத்தால் மேசைத்திரை பழையபடி வந்துவிடும். டிரைவரை நிதானமாகப் பிறகு சரிசெய்துகொள்ளலாம்.

அப்படியானால் ஸ்டாண்டர்டிலேயே இருப்பவருக்கு ஆபத்து இல்லை என்று சொல்லலாமா? டெபியன் என்ற இன்னொரு லினக்ஸில் 2023 டிசம்பரில் நடந்ததைப் பாருங்கள். நிலைத்தன்மைக்குப் பெயர் போன டெபியன் ஸ்டேபிள், அதன் 12.3 திருத்த வெளியீடு. அதிலிருந்த 6.1.64 கர்னலில், எக்ஸ்ட்4 கோப்பு முறைமையில் தரவு சிதையக்கூடிய பிழை இருப்பது கடைசி நேரத்தில் தெரியவந்தது. நிறுவல் கோப்புகளை நிறுத்திவைத்து, மறுநாளே, டிசம்பர் 10 அன்று, திருத்திய கர்னலோடு 12.4-ஐ வெளியிட்டார்கள். பிழை எப்படி வந்தது என்பதுதான் கவனிக்க வேண்டியது. புதிய கர்னலில் செய்த மாற்றம் ஒன்றைப் பழைய கர்னலுக்குக் கொண்டுவந்தபோது, அதற்கு முன்தேவையான இன்னொரு மாற்றத்தை விட்டுவிட்டார்கள். புதிய கர்னலில் அந்தப் பிழை இல்லை! பழையதைப் பழையதாகவே வைத்துப் பராமரிப்பதும் ஒரு வேலை. அந்த வேலையிலும் தவறு நடக்கும். ஸ்டாண்டர்ட் பதிப்பில் மாற்றங்கள் குறைவு, அதனால் எதிர்பாராதவையும் குறைவு. அதற்குமேல் அதனிடம் எதிர்பார்க்கக்கூடாது.

அடுத்தது சுபாவத்தை மாற்றும் வகை. ஆர்ச் லினக்ஸின் களஞ்சியத்தில் சாதாரண கர்னலோடு ஜென், ஹார்டன்டு, எல்டிஎஸ், ரியல்டைம் என்று பல கர்னல்கள் இருக்கின்றன. இதில் ரியல்டைம் என்ற பெயர்தான் அதிகம் பேரை ஏமாற்றுகிறது. அதைப் போட்டால் கணினி பறக்கும் என்று நினைக்கிறார்கள். நடப்பது நேர்மாறாகவும் இருக்கலாம். ரியல்டைம் கர்னல் தரும் வாக்குறுதி வேகம் அல்ல, காலம் தவறாமை. ஒரு வேலைக்கு அழைப்பு வந்தால் மோசமான தருணத்திலும் இன்ன நேரத்துக்குள் கவனிப்பேன் என்பதுதான் அது. அதற்காக மற்ற வேலைகளை அடிக்கடி குறுக்கிட வேண்டியிருப்பதால், மொத்தமாக முடியும் வேலையின் அளவு கொஞ்சம் குறையும். வீடியோ ரெண்டர் செய்பவருக்கு அது நஷ்டம். இயந்திரக் கையை ஓட்டுபவருக்கும் உலோகம் வெட்டும் கருவியை லினக்ஸ்சிஎன்சியில் ஓட்டுபவருக்கும் அது அவசியம். ஒலிப்பதிவு செய்பவர் இரண்டுக்கும் நடுவில் நிற்கிறார். நொடிக்கு 48,000 மாதிரிகள், 128 மாதிரி பஃபர் என்றால் ஒவ்வொரு 2.67 மில்லிநொடிக்குள்ளும் அடுத்த துண்டு தயாராக இருக்க வேண்டும். ஒருமுறை தவறினாலும் ‘டிக்’ என்று ஒரு சத்தம் பதிவில் ஏறிவிடும்.

இதற்காக முன்பு தனிக் கர்னல் தேடி அலைய வேண்டியிருந்தது. 5.12 கர்னலிலிருந்து குறுக்கீட்டு முறையைப் பூட் ஆகும்போதே ஓர் அளவுரு மூலம் தேர்ந்தெடுக்கலாம். இருபது வருஷமாகத் தனித் திருத்தத் தொகுப்பாக வளர்ந்துவந்த ரியல்டைம் கோடும் 2024 நவம்பரில் வந்த 6.12-இல் முதன்மைக் கர்னலுக்குள்ளேயே வந்துவிட்டது. நேற்றைய மேம்பட்ட பதிப்பு இன்றைய ஸ்டாண்டர்டில் ஒரு சுவிட்ச். வீட்டில் பாட்டுப் பதிவு செய்பவர்கள் முதலில் அந்த அளவுருவைப் போட்டுப் பார்த்துவிட்டு, அதிலும் சத்தம் வந்தால் மட்டும் வேறு கர்னலைத் தேடினால் போதும்.

டிரைவர்களைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. விண்டோஸோடு வரும் பொது டிரைவர் பிரிண்டருக்கும் மவுஸுக்கும் போதும், கிராஃபிக்ஸுக்குப் போதாது. என்விடியாவில் கேம் ரெடி, ஸ்டூடியோ என்று இரண்டு வகை டிரைவர் இருக்கின்றன. ஸ்டூடியோ 2019-இல் தொடங்கியது. புதிய கேம் வந்த அன்றே ஆட வேண்டும் என்பவர்களுக்கு முன்னது. வேலை நடுவே நிற்கக்கூடாது என்பவர்களுக்குப் பின்னது. எதைப் போட்டாலும் கேமும் ஓடும், வீடியோ எடிட்டரும் ஓடும். இதற்காகத் தூக்கத்தைக் கெடுத்துக்கொள்ள வேண்டாம்.

காலத்தை விற்பதில் கணக்கு நேரடியானது. விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14-இல் முடிந்தது; தனிநபர்களுக்கான நீட்டிப்பில் சேர்ந்தால் பாதுகாப்பு அப்டேட்டுகள் இன்னும் ஒரு வருஷம். உபுண்டு ப்ரோ ஒரு எல்டிஎஸ்ஸின் ஐந்து வருஷத்தைப் பத்தாக்குகிறது. தனிப்பட்ட பயன்பாட்டுக்கு ஐந்து கணினிகள் வரை இலவசம். இதில் பலர் கவனிக்காத ஒன்று உண்டு. வழக்கமான ஐந்து வருஷ உத்தரவாதம் ‘மெயின்’ களஞ்சியத்துக்குத்தான். நாம் நிறுவும் மென்பொருள்களில் பெரும்பகுதி ‘யூனிவர்ஸ்’ களஞ்சியத்திலிருந்து வருபவை. அவற்றுக்கான உத்தரவாதம் ப்ரோவில்தான் இருக்கிறது. ஆகவே பத்து வருஷம் ஓட்டுகிற எண்ணம் இல்லாதவர்களும் இதைப் போட்டுக்கொள்வது நல்லது.

எந்த வகையாக இருந்தாலும், மாறுவதற்கு முன் திரும்பி வரும் வழியைப் பார்த்து வைக்க வேண்டும். அது பதிப்புக்குப் பதிப்பு வேறுபடும். ஹோமிலிருந்து ப்ரோவுக்குப் போக ஒரு கீ போதும். ப்ரோவிலிருந்து ஹோமுக்கு வர விண்டோஸைப் புதிதாக நிறுவ வேண்டும். கர்னலில் திரும்புவது ஆக எளிது, கிரப்பில் ஒரு வரி. ஃபர்ம்வேரில் சில தயாரிப்பாளர்கள் பழைய பதிப்புக்கு இறங்கவே விடமாட்டார்கள். கைப்பேசியில் வேறு இயங்குதளம் (கஸ்டம் ரோம்) போட பூட்லோடரின் பூட்டைத் திறந்தால் உள்ளே இருப்பதெல்லாம் அழியும். அதன்பின் சில வங்கி ஆப்கள் அந்தக் கைப்பேசியில் இயங்க மறுக்கும்.

கோப்பு முறைமைதான் இதில் சத்தமில்லாமல் கதவடைப்பது. புதிய கர்னலோடு இசட்எஃப்எஸ்ஸின் புதிய பதிப்பும் வரும். வட்டுத்தொகுதியின் நிலையைப் பார்க்கும்போதெல்லாம், சில புதிய வசதிகள் இன்னும் இயக்கப்படவில்லை, ‘அப்கிரேட்’ செய்யலாம் என்று ஒரு வரி காட்டும். பிழைச் செய்தி போலவே இருக்கும் அந்த வரியைப் பார்த்துப் பார்த்து எரிச்சலாகி, ஒருநாள் கட்டளையைத் தட்டிவிடுவோம். ஒரு நொடியில் முடியும். அதன்பின் கர்னலைப் பழையதற்கு மாற்றினால், பழைய இசட்எஃப்எஸ் அந்த வட்டுத்தொகுதியைத் திறக்க மறுக்கலாம், அல்லது படிக்க மட்டும் விடலாம். இயங்குதளமே அதிலிருந்துதான் பூட் ஆகிறது என்றால் கிரப்பாலும் அதைப் படிக்க முடியாமல் போகலாம். புதிய பதிப்பில் சில மாதம் ஓட்டிப் பார்த்து, இனிப் பழையதற்குப் போகப்போவதில்லை என்று உறுதியானபின் அந்தக் கட்டளையைத் தட்டலாம். அதுவரை அந்த வரி திரையில் இருந்துவிட்டுப் போகட்டும்.